ஐ-65 நெடுஞ்சாலை வழியே தெற்கே: விலகிப்போன இரண்டு கல்லூரிகள்

முதல் நாள், புதன்: சிகாகோ

காலை ஐந்தரைக்குக் காரை எடுத்தோம். அக்டோபர் நடுவிலேயே முன்கண்ணாடியில் உறைபனி படிந்திருந்தது. பதினேழு வருடமாகச் சிகாகோவுக்கு மேற்கே அரோராவில் இருக்கிறோம். ஜனவரியில் அலபாமா மாநிலம் ஹண்ட்ஸ்வில்லுக்குக் குடிபோகிறோம். எனக்கு அங்கே வேலை கிடைத்திருக்கிறது. வீடு பேசி முடித்தாயிற்று. ஆனால் நான் மட்டும்தான் நேரில் பார்த்திருக்கிறேன். மனைவிக்கும் மகளுக்கும் காட்ட வேண்டும். விமானத்தில் போயிருக்கலாம். "கார்லயே போகலாம்பா, வழியில காலேஜ் பார்த்துக்கலாம்" என்றாள் மகள். பதினொன்றாவது படிக்கிறாள். பள்ளியின் கிராஸ் கன்ட்ரி அணியில் ஓடுகிறாள்.

எனக்கும் ஒரு ஆசை இருந்தது. இண்டியானா மாநிலத்தின் பர்டூ பல்கலைக்கழகத்தில் எம்.எஸ். படித்த காலத்தில் கல்லூரி ஃபுட்பால் என்னைப் பிடித்துக்கொண்டது, இன்னும் விடவில்லை. நம் ஊர்க் கால்பந்து இல்லை, முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்க ஆட்டம். அந்த ஆட்டத்தின் வரைபடம் சில வருடங்களாகக் கலைந்து கிடப்பது எனக்கு உண்மையாகவே வலிக்கிறது. பழக்கமில்லாதவர்களுக்குச் சொல்கிறேன். கான்ஃபரன்ஸ் என்பது பக்கத்துப் பக்கத்துக் கல்லூரிகள் சேர்ந்து வைத்துக்கொண்ட சங்கம். வருடா வருடம் தங்களுக்குள் ஆடிக்கொள்வார்கள். வடக்கே பிக் டென், தெற்கே எஸ்.இ.சி. என்கிற சவுத்ஈஸ்டர்ன் கான்ஃபரன்ஸ். இப்போது பிக் டென்னில் பதினெட்டுக் கல்லூரிகள். கலிபோர்னியாவில் லாஸ் ஏஞ்சலஸின் யு.சி.எல்.ஏ.வும் யு.எஸ்.சி.யும், அதற்கு மேலே ஆரிகனும் வாஷிங்டனும் 2024 ஆகஸ்டில் வந்து சேர்ந்தன. கிழக்குக் கோடியில் நியூ ஜெர்சியின் ரட்கர்ஸ் ஏற்கெனவே உண்டு. ரட்கர்ஸுக்கும் யு.சி.எல்.ஏ.வுக்கும் நடுவே 2,400 மைலுக்கு மேல். இரண்டும் ஒரே சங்கம்! பேர் மட்டும் இன்னும் பிக் டென்தான்.

முதலில் நின்ற இடம் சிகாகோ பல்கலைக்கழகம். இன்று யாரும் இதை ஃபுட்பாலோடு சேர்த்துப் பேசுவதில்லை. ஆனால் 1896-ல் பிக் டென்னைத் தொடங்கிய ஏழு கல்லூரிகளில் இதுவும் ஒன்று. ஏழு முறை சாம்பியன். அமோஸ் அலோன்சோ ஸ்டாக் என்ற பயிற்சியாளர் இங்கே நாற்பது வருடம் இருந்தார். நாட்டின் சிறந்த ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் கோப்பை 1935-ல் முதன்முதலாகக் கொடுக்கப்பட்டபோது அதை வாங்கியவர் இந்தக் கல்லூரியின் ஜே பெர்வாங்கர்.

நாலு வருடத்தில் எல்லாம் மாறிவிட்டது. தலைவராக இருந்த ராபர்ட் ஹட்சின்ஸுக்குப் படிப்புதான் முதல், மற்றதெல்லாம் பிறகு. 1939-ல் மிச்சிகன் இவர்களை 85-0 என்று அடித்தது. அந்த டிசம்பரிலேயே ஃபுட்பாலை மூடினார்கள். 1946-ல் பிக் டென்னை விட்டே வெளியேறினார்கள். ஆளில்லாமல் கிடந்த மைதானத்தின் மேற்குப் படிக்கட்டு வரிசைக்கு அடியில்தான் 1942 டிசம்பர் 2-ஆம் தேதி என்ரிகோ ஃபெர்மி குழுவினர் உலகின் முதல் அணு உலையை இயக்கிப் பார்த்தார்கள்.

மைதானம் இருந்த இடத்தில் இப்போது பெரிய நூலகம். பக்கத்தில் ஹென்றி மூர் செய்த வெண்கலச் சிலை. வழுவழுப்பான மண்டையோடு மாதிரியும் இருக்கிறது, காளான் மேகம் மாதிரியும் இருக்கிறது. மகள் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இவங்க இப்ப ஆடறதே இல்லையா?" என்று கேட்டாள். ஆடுகிறார்கள். 1969-லிருந்து மறுபடியும் ஆடுகிறார்கள். விளையாட்டுக்கென்று உதவித்தொகை எதுவும் கொடுக்காத மூன்றாம் பிரிவில்.

புறப்படும்போது மனைவி நினைவுபடுத்தினாள்: வீட்டுச் சாவி ஒன்றைப் பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் கொடுத்திருக்கிறோம். பதினோரு வருடமாக அடுத்தடுத்த வீடு. அவரோடு நான் பேசிய பேச்சை எல்லாம் சேர்த்தால் ஒரு மணி நேரம் தேறாது. ஆனால் பனி கொட்டிய ஒவ்வொரு விடியலிலும் அவருடைய ஸ்னோ ப்ளோயர் எங்கள் டிரைவ்வேயையும் சுத்தம் செய்துவிட்டுத்தான் ஓயும். நன்றி சொல்லப் போனால் கையை லேசாகத் தூக்கிக் காட்டிவிட்டு உள்ளே போய்விடுவார். வடக்கத்தி மனிதர்கள் ஒட்டாதவர்கள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

இரண்டாம் நாள், வியாழன்: லாஃபயெட், இண்டியானாபொலிஸ், லூயிவில்

நேற்று இரவே இண்டியானாவுக்குள் வந்துவிட்டோம். கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே போனது. சோளம் அறுத்த வயல்கள், நடுவில் நூற்றுக்கணக்கில் காற்றாலைகள், அப்புறம் பர்டூ.

பர்டூவுக்கும் பிக் டென்னுக்கும் பிள்ளையார் சுழி உறவு. 1895 ஜனவரியில் சிகாகோவின் பாமர் ஹவுஸ் ஹோட்டலுக்கு மற்றக் கல்லூரித் தலைவர்களைக் கூப்பிட்டவர் பர்டூ தலைவர் ஜேம்ஸ் ஸ்மார்ட். அப்போது அவர்கள் பேசியது என்ன தெரியுமா? காசுக்கு ஆடுபவர்களை அணியில் சேர்க்கக் கூடாது, உண்மையில் படிக்கிறவன் மட்டும்தான் ஆட வேண்டும். சங்கம் பிறந்ததே பணத்தைக் கட்டுப்படுத்துவதற்காக.

மகளுக்குக் காட்ட வேண்டும் என்று நினைத்திருந்தது ஒரு படிக்கட்டு. ஹாஸ் ஹால் என்று இப்போது பெயர். நான் படித்தபோது அந்தப் படிகளில் உட்கார்ந்துதான் ஊருக்குப் போன் பேசுவேன். செங்கல் கட்டடம், முன்னால் பதினேழு படிகள். 1903 அக்டோபர் 31-ஆம் தேதி, இண்டியானா பல்கலைக்கழகத்தோடு ஆடுவதற்காகப் பர்டூ அணி தனி ரயிலில் போய்க்கொண்டிருந்தது. இண்டியானாபொலிஸ் நகரத்துக்குள் எதிரே வந்த நிலக்கரி வண்டிகளோடு மோதியது. பதினேழு பேர் இறந்தார்கள், அதில் பதினான்கு பேர் ஆட்டக்காரர்கள். ஒருவருக்கு ஒரு படி. மகள் மேலே ஏறும்போது வாய்க்குள் எண்ணிக்கொண்டே போனாள். கடைசிப் படியில் நின்று திரும்பிப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை.

அந்த இரண்டு கல்லூரிகளும் 1925-லிருந்து ஒரு பழைய ஓக் மர வாளிக்காக ஆடுகின்றன. கிணற்றில் நீர் இறைக்கும் வாளி. அதில் ஒரு சங்கிலி. ஜெயித்தவர் தங்கள் முதல் எழுத்தை ஒரு வெண்கலக் கண்ணியாகச் செய்து கோக்க வேண்டும். இரண்டு ஊருக்கும் நடுவே காரில் இரண்டு மணி நேரம். ஒரே வீட்டில் அண்ணன் இங்கே, தம்பி அங்கே படித்திருப்பான். அந்தச் சங்கிலியில் உள்ள ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு நன்றி நவிலல் நாளின் சாப்பாட்டு மேஜைச் சண்டை இருக்கும். பர்டூவும் சியாட்டிலில் இருக்கும் வாஷிங்டனும் மோதினால் எந்த மேஜையில் சண்டை வரும்?

இண்டியானாபொலிஸைத் தாண்டும்போது கேள்வி வந்தது: "யார்ப்பா இதையெல்லாம் மாத்தினது?" கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ.வின் தலைமையகம் அந்த ஊரில்தான் இருக்கிறது. முன்பெல்லாம் எந்த ஆட்டம் டிவியில் வரலாம், ஒரு கல்லூரி எத்தனை முறை வரலாம் என்பதை அவர்களே முடிவு செய்தார்கள். ஓக்லஹோமா, ஜார்ஜியா பல்கலைக்கழகங்கள் வழக்குப் போட்டன. 1984-ல் உச்ச நீதிமன்றம் 7-2 என்று என்.சி.ஏ.ஏ.வுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. அன்றிலிருந்து அவரவர் ஆட்டத்தை அவரவர் விற்கலாம். கூட்டமாக விற்றால் விலை கூடும், பெரிய நகரங்கள் கூட்டத்தில் இருந்தால் இன்னும் கூடும். பிக் டென் 2022-ல் போட்ட ஒப்பந்தம் ஏழு வருடத்துக்கு ஏறக்குறைய 700 கோடி டாலர். லாஸ் ஏஞ்சலஸ் ஏன் வந்தது என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். மேற்கே நூறு வருடத்துக்கு மேல் இருந்த பாக்-12 சங்கத்தில் 2024-ல் மிஞ்சியது ஆரிகன் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட் இரண்டு மட்டும். பசிபிக் கரையில் இருக்கும் ஸ்டான்ஃபோர்ட் 'அட்லாண்டிக் கோஸ்ட்' கான்ஃபரன்ஸில் போய்ச் சேர்ந்தது.

ஆட்டக்காரர்களுக்குப் பணம் கொடுப்பதை நான் குறை சொல்லவே மாட்டேன். இத்தனை வருடம் அவர்கள் உழைப்பில் மற்றவர்கள் சம்பாதித்தார்கள். 2025-ல் வந்த நீதிமன்ற உடன்பாட்டின்படி ஒரு கல்லூரி முதல் வருடத்தில் 2.05 கோடி டாலர் வரை நேரடியாகப் பங்கு தரலாம். தரட்டும். என் கவலை வேறு. ஃபுட்பால் அணி வாரம் ஒரு நாள் தனி விமானத்தில் போய்வந்துவிடும். வாலிபாலும் சாஃப்ட்பாலும் ஆடும் பெண்கள் வாரத்தில் இரண்டு மூன்று ஆட்டம் ஆடுகிறவர்கள். நள்ளிரவில் மூன்று நேர மண்டலம் தாண்டி வந்து இறங்கி, காலையில் கெமிஸ்ட்ரி லேபுக்குப் போக வேண்டும். டிவி ஒப்பந்தம் அவர்களை யோசித்துப் போட்டதில்லை.

சாயங்காலம் ஓஹியோ ஆற்றைத் தாண்டி லூயிவில். தெற்கு எங்கே தொடங்குகிறது என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். நான் டீயை வைத்துத்தான் சொல்வேன். ஆற்றுக்கு இந்தப் பக்கம், சாப்பாட்டுக் கடையில் "டீ" என்று மட்டும் சொன்னேன். பெரிய டம்ளரில் ஐஸ் போட்டுச் சர்க்கரைப் பாகு மாதிரி வந்தது.

மூன்றாம் நாள், வெள்ளி: நாஷ்வில்

கடிகாரம் மறுபடி ஒரு மணி நேரம் பின்னே. காலை உணவில் கிரிட்ஸ். மனைவி ஒரு கரண்டி எடுத்ததுமே, "இது எங்க ஆச்சி கிண்டுற சோளக்கஞ்சி, உப்பும் மோரும்தான் குறையுது" என்றாள். பரிமாறிய பெண்ணிடம் மகள் "யெஸ்" என்றதும், பக்கத்து மேஜையில் ஒரு தாத்தா தன் பேரனைப் பார்த்து ஏதோ மெல்லச் சொன்னார். பையன் உடனே எங்களைப் பார்த்து "குட் மார்னிங், மேம், சார்" என்றான். இங்கே பெரியவர்களிடம் மேம், சார் போடாமல் பிள்ளைகள் பேசக் கூடாது. அத்தை, மாமா என்று கூப்பிடச் சொல்லி வளர்த்த எங்களுக்கு இது ஒன்றும் புதிதில்லை. மகளுக்குத்தான் புதிது.

வாண்டர்பில்ட் எஸ்.இ.சி.யின் தொடக்க உறுப்பினர். இன்று அந்தச் சங்கத்தில் உள்ள ஒரே தனியார் பல்கலைக்கழகம். பல வருடம் எல்லாரிடமும் அடி வாங்கிக்கொண்டே, விட்டுப் போகாமல் இருந்தவர்கள். 2024 அக்டோபர் 5-ஆம் தேதி, நாட்டில் முதலிடத்தில் இருந்த அலபாமாவை 40-35 என்று வென்றார்கள். நாற்பது வருடத்தில் அலபாமாவுக்கு எதிரான முதல் வெற்றி. மாணவர்கள் கோல் போஸ்டைப் பிடுங்கித் தோளில் சுமந்து, பிராட்வே வழியாக ஊர்வலம் போய், கம்பர்லேண்ட் ஆற்றில் போட்டார்கள். நாங்களும் அந்த வழியாக ஆறு வரை நடந்தோம். பக்கத்து மாநிலத்து அண்ணன் வீட்டை ஜெயித்தால்தான் மூன்று மைல் கம்பம் சுமக்கத் தோன்றும்.

வாண்டர்பில்டின் கூடைப்பந்து அரங்கத்தில் இன்னொரு பெயர் இருக்கிறது. பெரி வாலஸ், நாஷ்வில்காரர். 1967-ல் எஸ்.இ.சி. கூடைப்பந்தில் ஆடிய முதல் கறுப்பின ஆட்டக்காரர். மிசிசிப்பிக்கும் அலபாமாவுக்கும் ஆடப் போனபோது அரங்கமே அவரை வசைபாடியது. 1970-ல் பட்டம் வாங்கினார், பிறகு சட்டப் பேராசிரியரானார். அவருடைய 25-ஆம் எண் சட்டையை வேறு யாருக்கும் கொடுப்பதில்லை என்று 2004-ல்தான் முடிவெடுத்தார்கள். பழைய சங்கங்களைப் பற்றி ஏக்கத்தோடு எழுதும்போது இதை விட்டுவிட்டு எழுத எனக்கு மனம் வராது. பக்கத்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து வைத்த சங்கம், பக்கத்துத் தெருப் பிள்ளைகளை உள்ளே விடாமலும் இருந்தது.

நான்காம் நாள், சனி: சுவானி

இந்தப் பயணத்தில் நான் மிகவும் எதிர்பார்த்த ஊர். ஐ-65-ஐ விட்டு ஐ-24-இல் தென்கிழக்கே திரும்பி, மண்டீகிள் மலையில் ஏறினோம். காது அடைத்தது. மேலே கம்பர்லேண்ட் பீடபூமி, கண்ணை மறைக்கும் மூடுபனி, காட்டுக்குள் கல் கட்டடங்கள். 13,000 ஏக்கர் நிலம் முழுக்கக் கல்லூரிக்குச் சொந்தம். 'யுனிவர்சிட்டி ஆஃப் தி சவுத்' என்பது முழுப் பெயர், எல்லாரும் சொல்வது சுவானி.

உள்நாட்டுப் போருக்கு முன்னால் எபிஸ்கோபல் பிஷப்புகள் தொடங்கியது. அவர்களில் பலர் அடிமைகளை வைத்திருந்தவர்கள். 1860-ல் நட்ட அடிக்கல்லை 1863-ல் வடக்குப் படை வெடி வைத்துத் தகர்த்தது. அந்த வரலாற்றைக் கல்லூரியே இப்போது தோண்டி ஆராய்ந்து வெளியே சொல்கிறது. அது எனக்குப் பிடித்திருந்தது.

இனி 1899. சுவானி அணி, இருபது பேர் சொச்சம், நவம்பரில் ரயில் ஏறியது. 9-ஆம் தேதி ஆஸ்டினில் டெக்சஸை 12-0. மறுநாள் ஹூஸ்டனில் டெக்சஸ் ஏ அண்ட் எம்மை 10-0. அடுத்த நாள் நியூ ஆர்லியன்ஸில் டுலேனை 23-0. ஞாயிறு ஓய்வு. 13-ஆம் தேதி பேட்டன் ரூஜில் எல்.எஸ்.யு.வை 34-0. 14-ஆம் தேதி மெம்ஃபிஸில் மிசிசிப்பியை 12-0. ஆறு நாளில் ஐந்து ஆட்டம், சுமார் 2,500 மைல், எதிரணிக்கு ஒரு புள்ளி கூடக் கிடைக்கவில்லை. மலையிலிருந்து ஊற்றுத் தண்ணீரைப் பீப்பாயில் நிரப்பிக் கூடவே கொண்டுபோனதாகச் சொல்வார்கள். அந்த வருடம் ஆடிய பன்னிரண்டு ஆட்டமும் வெற்றி.

1932 டிசம்பரில் எஸ்.இ.சி. உருவானபோது சுவானியும் உள்ளே இருந்தது. அதற்குள் காலம் மாறியிருந்தது. பெரிய மாநிலப் பல்கலைக்கழகங்கள் ஆட்டக்காரர்களுக்காகச் செலவழிக்கத் தொடங்கியிருந்தன. சங்கத்துக்குள் சுவானி ஆடியது 37 ஆட்டம், தோற்றதும் 37. 1940-ல் வெளியே வந்தார்கள். கல்லூரித் தலைவராக இருந்த அலெக்சாண்டர் கெரி, பணம் கொடுத்து ஆள் பிடிக்கும் ஃபுட்பால் வேண்டாம் என்பதில் உறுதியாக இருந்தார். அன்று இந்தச் சின்னக் கல்லூரி ஆறு நாளில் வீழ்த்திய ஐந்து பேரில் டுலேன் தவிர நாலு பேரும் இப்போது எஸ்.இ.சி.யில் இருக்கிறார்கள். டெக்சஸ் 2024-ல்தான் வந்தது.

மதியம் ஆட்டம் இருந்தது, பார்த்தோம். எதிரணி பஸ்ஸில் வந்திருந்தது. மேடு போன்ற புல்தரையில் போர்வை விரித்துக் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருந்தார்கள், நாய்களும் உண்டு. பேராசிரியர் ஒருவர் கறுப்பு அங்கியை மடித்துத் தோளில் போட்டபடி நின்று பார்த்தார். டிவி விளம்பரத்துக்காக ஆட்டத்தை நிறுத்தவில்லை. எனக்கு முன்னால் நின்ற ஒரு அப்பா, மகன் தடுக்கி விழும்போதெல்லாம் தன் முழங்காலைத் தானே தடவிக்கொண்டார். முடிந்ததும் மண் அப்பிய சட்டையோடு பையன்கள் நேராக அம்மாக்களிடம் வந்தார்கள். ஒருவன் டப்பாவைத் திறந்து நின்றபடியே கோழி வறுவலைத் தின்றான். மகள் அங்கே இருந்த கிராஸ் கன்ட்ரி பெண்களோடு பேசப் போய் முக்கால் மணி நேரம் வரவில்லை. "பக்கத்து ஊருங்களுக்குத்தான் போவாங்களாம்பா, மறுநாள் கிளாஸ் மிஸ் ஆகாதாம்" என்றாள் வந்ததும்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. நல்ல கல்லூரி, கட்டணமும் அதற்கேற்ற உயரம். அது தனியாக உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம்.

இங்கே ஒரு வழக்கம்: எல்லைக் கல்தூணைத் தாண்டும்போது காரின் கூரையைக் கையால் தட்ட வேண்டும். தட்டினால் ஒரு தேவதை கூடவே காவலுக்கு வருமாம். மூன்று பேரும் தட்டினோம்.

ஐந்தாம் நாள், ஞாயிறு: பர்மிங்ஹாம், ஹண்ட்ஸ்வில்

நேற்று இரவு ஹண்ட்ஸ்வில் ஹோட்டலில் தங்கி, காலையில் நூறு மைல் தெற்கே பர்மிங்ஹாம். எஸ்.இ.சி.யின் தலைமையகம் இந்த ஊரில்தான். அலுவலகக் கட்டடத்தில் பார்க்க ஒன்றுமில்லை. பதினாறாம் தெரு பாப்டிஸ்ட் ஆலயத்தின் முன் நின்றோம். 1963 செப்டம்பர் 15-ஆம் தேதி வெள்ளை இனவெறியர்கள் குண்டு வைத்து நான்கு கறுப்பினச் சிறுமிகளைக் கொன்ற இடம். உள்ளே ஞாயிறு பாட்டு கேட்டுக்கொண்டிருந்தது. வாசலில் நின்ற முதியவர் எங்களையும் உள்ளே கூப்பிட்டார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தோம்.

அப்புறம் லீஜியன் ஃபீல்ட். பழைய பெரிய ஸ்டேடியம், வேலிக்கு வெளியே நின்றுதான் பார்க்க முடிந்தது. 1970 செப்டம்பரில் கலிபோர்னியாவிலிருந்து யு.எஸ்.சி. இங்கே வந்தது. வெள்ளையர் மட்டுமே ஆடிய அலபாமா அணியை 42-21 என்று வென்றது. கறுப்பின வீரர் சாம் கன்னிங்ஹாம் 135 யார்ட் ஓடினார். அலபாமா மாறியதே அந்த ஒரே ஆட்டத்தால்தான் என்று கதை சொல்வார்கள். அது முழு உண்மையில்லை. வில்பர் ஜாக்சன் என்ற கறுப்பின மாணவரை ஏற்கெனவே சேர்த்திருந்தார்கள், முதல் வருட மாணவர் என்பதால் அன்று ஆட முடியவில்லை. ஆனாலும் தூரத்திலிருந்து ஒருவர் வந்து ஆடுவதால் நல்லதும் நடக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அவர்கள் விருந்தாளியாக வந்து ஆடிவிட்டுத் திரும்பினார்கள். வாரா வாரம் வரவில்லை.

மதியச் சாப்பாட்டில் வறுத்த வெண்டைக்காய். மனைவி இரண்டாவது தட்டு கேட்டாள்.

மாலை நாலு மணிக்கு ஹண்ட்ஸ்வில்லில் எங்கள் வீடு. வழியில் சாட்டர்ன் ராக்கெட்டின் முழு உயர மாதிரி மரங்களுக்கு மேலே தெரிந்தது. செங்கல் வீடு, அடியில் நிலவறை இல்லை. அரோராவில் வீட்டு வரி கட்டி அலுத்த எனக்கு இங்கே வரி ரசீது இனிப்பாக இருக்கும். ஆனால் அரிசி, பருப்புக்கும் விற்பனை வரி போடுவார்கள். மனைவி அடுப்படி ஜன்னல் எந்தத் திசை என்று பார்த்தாள். கிழக்கு. அவளுக்குத் திருப்தி.

பின்பக்கத்தில் நின்று செம்மண்ணைக் காலால் கிளறிக்கொண்டிருந்தபோது அடுத்த வீட்டு அம்மாள் வேலியோரம் வந்தார். எழுபது வயது இருக்கும். பெயர் கேட்டார், பெற்றவர்கள் எங்கே என்று கேட்டார், எந்தக் கோயிலுக்குப் போவீர்கள் என்று கேட்டார். அரோராவில் பதினோரு வருடத்தில் கேட்காத கேள்விகள் பத்து நிமிடத்தில். அப்புறம் இங்கே எல்லாரும் கேட்பதைக் கேட்டார்: "அலபாமாவா, ஆபர்னா?" இந்த மாநிலத்தின் இரண்டு பெரிய கல்லூரி அணிகளில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். அவர் ஆபர்ன், காலமான கணவர் அலபாமாவாம்.

நான் யோசிப்பதற்குள் மகள் முந்திக்கொண்டாள். "சுவானி, மேம்."

அந்த அம்மாள் ஒரு நொடி பார்த்தார். பிறகு, தன் அப்பாவின் அண்ணன் அங்கே படித்தவர் என்றார். தோற்றுத் தோற்றே ஆடினார்களாம், கடைசி வரை அதைப் பெருமையாகவே சொல்வாராம்.

சூறாவளிச் சங்கு எப்படி ஒலிக்கும், சோதனைக்கு அடித்தால் பயப்பட வேண்டாம் என்றெல்லாம் சொன்னார். சூறாவளிகள் இந்த மாநிலத்தையே புரட்டிப்போட்ட 2011 ஏப்ரல் 27 பற்றிச் சொன்னபோது குரல் இறங்கியது. எங்களைக் கூட்டிக்கொண்டு போய் தன் காராஜைத் திறந்து காட்டினார். தரையோடு போல்ட் அடித்த இரும்புப் பெட்டி அறை, உள்ளே ஒரு பெஞ்சு, டார்ச், தண்ணீர் பாட்டில்கள். எட்டுப் பேர் உட்காரலாம் என்றார். இதுவரை நான் ஒருத்திதான், இனிமேல் நாலு பேர் என்று சொல்லி, காராஜ் கதவின் எண்ணை என் கைபேசியில் எழுதிக்கொள்ளச் சொன்னார்.